ஊர் கார்டா, பெங்களூரு கார்டா? எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாது?

சர்ஜாப்பூர்ரோடு
தர்மபுரி, திருவண்ணாமலை பக்கமிருந்து வந்து சர்ஜாப்பூர் ரோட்டில் தகர ஷெட்டிலும் ஒற்றை ரூமிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்காக ஒரு பக்கக் கையேடு எழுதுகிறோம். மாதிரிக்கு ஒரு குடும்பம்: கணவர் கம்பி கட்டும் வேலை. மனைவி அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங், ஏஜென்சி மூலம். பையன் இந்த ஜூனில் மூணாவது, பொண்ணு ஏழாவது. பொண்ணு இதுவரை ஊர் அரசுப் பள்ளியில். பாட்டி ஊரில். அஞ்சு பேரும் ஒரே ரேஷன் கார்டு.

"எல்லா பேப்பரையும் பெங்களூருக்கு மாத்திடு" என்று ஒரு கட்சி. "ஒண்ணையும் தொடாதே, உள்ளதும் போயிடும்" என்று இன்னொரு கட்சி. எதை எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேஷன்கணக்கு
ரெண்டு கட்சியும் தப்பு. ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனி சட்டம். ரேஷன் கார்டை முதலில் எடுத்துக்கலாம், சோறு விஷயம்.

கார்டை மாத்தவே வேண்டாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழக கார்டுக்குப் பெங்களூரு நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கலாம். ஆனால் எல்லா கார்டுக்கும் கிடையாது. ஸ்மார்ட் கார்டில் குறியீடு அச்சாகி இருக்கும், அதை முதலில் பாருங்க. பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்த்யோதயா, மிக ஏழைக் குடும்பம்) என்றால் செல்லும். முன்னால் ஆங்கில N எழுத்து ஒண்ணு சேர்ந்து என்.பி.எச்.எச். என்று இருந்தால் இங்கே செல்லாது. அது தமிழ்நாடு தன் செலவில் கொடுக்கும் அரிசி, எல்லை தாண்டாது. "எங்களுக்கும் ஊரில் அரிசி வருதே, இங்கே ஏன் இல்லை" என்று கடைக்காரரோடு நடக்கும் சண்டையில் பாதிக்கு இந்த ஒரு எழுத்துதான் காரணம்.

பி.எச்.எச். கார்டில் தலைக்கு 5 கிலோ. அஞ்சு பேருக்கு 25 கிலோ. ஏ.ஏ.ஒய். என்றால் கார்டுக்கு 35 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இதற்குக் காசு கிடையாது. சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் இங்கே வராது. கர்நாடகம் தன் கார்டுதாரர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கும் அன்னபாக்யா பங்கும் நமக்கு வராது.

பலருக்குத் தெரியாத விஷயம்: பங்கைப் பிரிச்சு வாங்கலாம். இங்கே நாலு பேர் பங்கு 20 கிலோ, ஊரில் பாட்டி தன் பங்கு. மெஷினில் எடை போடும்போது "மொத்தமும் வேண்டாம், 20 கிலோ மட்டும்" என்று வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாவிட்டால் 25-ம் இங்கேயே இறங்கிடும், பாட்டி ஊர்க் கடையில் வெறுங்கையோடு நிப்பாங்க. வாங்காத பங்கு அடுத்த மாசத்துக்கு ஏறாது.

பொம்மனஹள்ளிக்காரி
கையேட்டில் கைரேகை பற்றிக் கண்டிப்பாச் சேருங்க. சிமென்ட்டிலும் கம்பியிலும் வேலை செய்றவங்களுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ஞ்சு மெஷினில் ஏறாது. மூணு தடவை சிவப்பு காட்டினதும் கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வேற விரல்களையும் வரிசையா வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, பெருவிரல்தான் ஆகணும்னு இல்லை. மோதிர விரல் பெரும்பாலும் தேயாம இருக்கும். கையைக் கழுவி, ஈரம் துடைச்சு, துளி எண்ணெய் தடவித் துடைச்ச பிறகு வைக்கலாம். இதையெல்லாம் விட லேசான வழி, மனைவி போறது. கார்டில் பேர் இருந்து, ஆதார் இணைஞ்சு, இ-கேஒய்சி (ஆதாரை வச்சு ஆளைச் சரிபார்க்கிறது) முடிஞ்ச எந்த உறுப்பினரும் வாங்கலாம். இ-கேஒய்சி முடிக்காத பேர்தான் இங்கே வந்ததும் தடுக்கும். அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்னாடியே கடையில் முடிச்சுட்டு வரணும்.

"பேறெ ராஜ்ய கார்டு ஆகல்லா" (வேற மாநில கார்டு ஆகாது) என்று கடைக்காரர் கையை விரிச்சா 14445-க்கு அடிக்கலாம். கடை எண்ணைக் குறிச்சுக்கிட்டு அடிங்க, இல்லேன்னா புகார் அந்தரத்தில் நிக்கும்.

சர்ஜாப்பூர்ரோடு
அப்போ கர்நாடக அரசு மாதாமாதம் பெண்களுக்குத் தரும் கிருஹலக்ஷ்மி 2,000 ரூபாய்? நிறையப் பேர் அதற்காகத்தான் கர்நாடக கார்டுக்கு மாறத் துடிக்கிறார்கள்.

ரேஷன்கணக்கு
கணக்குப் போட்டுப் பாருங்க. 2,000 ரூபாய் கர்நாடக ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாகப் பேர் உள்ள பெண்ணுக்கு. அந்தக் கார்டு வேணும்னா தமிழக கார்டை ஒப்படைக்கணும், அல்லது அதிலிருந்து பேர் நீக்கிச் சான்று வாங்கணும். நீக்கினதும் தமிழக மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய்க்கு அடிப்படை போயிடும், அதுவும் ரேஷன் கார்டை வச்சுத்தான். ரெண்டு கார்டும் வச்சுக்கலாம் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீங்க, ஆதார் ஒண்ணுதான், மாட்டிக்கும்.

கர்நாடகத்தில் புது கார்டு விண்ணப்பம் வருஷம் முழுக்கத் திறந்திருப்பதும் இல்லை. ஊர் கார்டை நீக்கிட்டு இங்கே புது கார்டு வராமல் நடுவில் மாட்டினால் மாசம் 25 கிலோ அரிசி போச்சு. விண்ணப்பம் திறந்திருக்கா என்று பார்க்காமல் நீக்கல் சான்று வாங்கவே கூடாது. என் கருத்து: பத்து வருஷமா இங்கேயே இருக்கும், ஊரில் யாரும் இல்லாத குடும்பம் மாறலாம். பாட்டி ஊரில் இருக்கும் குடும்பம் மாற வேண்டாம்.

பட்டியல்பார்வை
ரேஷன் பற்றி ஒத்துக்கிறேன். ஆதார் முகவரி வேற விஷயம், அதை மாத்தியே ஆகணும். ரேஷன் இணைப்பு ஆதார் எண்ணோடு, முகவரியோடு இல்லை, அதனால் முகவரி மாறினால் அரிசி நிக்காது. ஆதாரில் கர்நாடக முகவரி வந்தால் அந்த அம்மாவுக்கு சக்தி திட்டத்தில் சாதாரண பஸ் இலவசம். சிம், பேங்க், கேஸ் எல்லாமே லேசாகும்.

சிக்கல் எங்கே வரும்? வாடகை ஒப்பந்தத்தில். 11 மாச ஒப்பந்தம் வீட்டுக்காரர் கணவர் பேரில் மட்டும் போட்டுத் தருவார், பேரும் "முருகன் எஸ்" என்று இருக்கும், ஆதாரில் "எஸ் முருகேசன்". அங்கேயே விண்ணப்பம் விழுந்துடும். ஆதாரைக் கையில் வச்சு எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி ஒப்பந்தத்தில் அடிக்கச் சொல்லணும். கதவு எண், கிராஸ், மெயின், பின்கோடு எல்லாம் வரணும். "சர்ஜாப்பூர் மெயின் ரோடு அருகில்" என்பது முகவரி ஆகாது.

கணவருக்கு முகவரி மாறிட்டால் மற்றவர்களுக்குத் தனி முகவரி ஆவணம் வேண்டாம். குடும்பத் தலைவர் வழியாக ஆன்லைனில் மாத்தலாம். உறவைக் காட்ட ரேஷன் கார்டோ மார்க் ஷீட்டோ போதும். தலைவரின் ஒப்புதல் 30 நாளுக்குள் வரணும், அதுவும் ஓடிபி வழியாக. ஆதாரோடு இணைஞ்ச செல் நம்பர் பழசா இருந்தா இந்த வழி அடைபடும், முதலில் நம்பரை மாத்துங்க. ஒவ்வொரு மாத்தத்துக்கும் 75 ரூபாய் கட்டணம், கடையில் 300 கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கம்பிக்கட்டு
ஷெட்டில் இருப்பவனுக்கு எந்த வீட்டுக்காரர் ஒப்பந்தம் தருவார் சார்? நீங்க சொல்றது ஒற்றை ரூம்காரனுக்கு.

பட்டியல்பார்வை
நியாயமான கேள்வி. அதற்கு ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவம் இருக்கு. எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், கெசட்டட் அதிகாரி, தாசில்தார், இவர்களில் ஒருவர் கையெழுத்து. பெங்களூரில் 2020 செப்டம்பரோடு மாநகராட்சி மன்றக் காலம் முடிந்து பல வருஷம் கவுன்சிலரே இல்லாததால் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில்தான் கூட்டம் நிக்க ஆரம்பிச்சது. அச்சிட்ட படிவத்தில் மட்டும், லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் ஆகாது. போட்டோ ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோ மேலேயும் பாதி தாள் மேலேயும் விழணும். வெள்ளை மை, அடித்தல் திருத்தல் கூடாது. தேதியிலிருந்து 3 மாசம்தான் உயிர். பத்திரமா வச்சிருக்கேன் என்று பெட்டியில் பூட்டி வச்சுப் பிறகு கொண்டு போய் நிப்பாங்க, ஆகாது.

அல்சூர்க்கரை
ஓட்டு விஷயத்துக்கு வாங்க. ஊரிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. திருவிழாவுக்கும் ஓட்டுக்கும் ஊர் போறதுதானே வழக்கம்? ஓட்டை எடுத்துட்டா பஞ்சாயத்தில் வீட்டு வரி, பட்டா எதுக்கும் மதிக்க மாட்டான்.

பட்டியல்பார்வை
ஐயா, பட்டாவுக்கும் ஓட்டுக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. ஓட்டு "சாதாரணமாகக் குடியிருக்கும்" இடத்தில். 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-ம் பிரிவு சொல்வது ரெண்டு. ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமா வெளியே போனதாலேயே குடியிருப்பு போய்விடாது. ஆக, வருஷத்தில் நாலு மாசம் மட்டும் இங்கே கம்பி கட்ட வருபவர் ஊரில் வச்சுக்கலாம். பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்து வருஷம் முழுக்க இருப்பவருக்கு இங்கேதான் நியாயம். தண்ணி லாரி வரலேன்னு கேட்க, சாக்கடைக்குக் கேட்க, இங்கே ஓட்டு இருக்கணும். ஓட்டில்லாத தெருவுக்கு எந்தக் கட்சிக்காரரும் வண்டியைத் திருப்ப மாட்டார்.

பொதுவா நடக்கும் தப்பு, எல்லாரும் படிவம் 6 போடுறது. அது புதுசா சேருபவருக்கு. ஊர்ப் பட்டியலில் பேர் இருந்தால் படிவம் 8, அதில் "இருப்பிடம் மாற்றம்" என்பதைத் தேர்வு செய்யணும். 6 போட்டால் ரெண்டு இடத்தில் பேர் வரும். "வேறெங்கும் பேர் இல்லை" என்று கையெழுத்துப் போட்டது பொய் உறுதிமொழி ஆகும், ஒரு வருஷம் வரை சிறை.

இன்னொண்ணும் பார்க்கணும். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. கணக்கெடுப்புப் படிவம் திரும்பி வராத பேர்கள் வரைவுப் பட்டியலிலேயே வரலை. பூட்டின வீட்டுக்காரர்கள்தான் இதில் அதிகம் அடிபடுவது. அதனால் முதலில் ஊர்ப் பட்டியலில் பேர் இருக்கா என்று எபிக் எண்ணை (வாக்காளர் அட்டை எண்) போட்டுத் தேடுங்க. இருந்தால் 8. போயிருந்தால் 6. பாட்டி பேரையும் அப்படியே பார்த்துடுங்க.

பூத் அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பகலில் வந்தால் ஷெட்டில் யாரும் இருக்க மாட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் போனில் பேசி வைக்கணும். வீடே இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. படுக்கும் இடத்தைப் படிவத்தில் எழுதினால் இராத்திரி வந்து சரிபார்க்கணும், ஆவணம் கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணைய வழிமுறை.

அல்சூர்க்கரை
சரி, ஒத்துக்கிறேன். பட்டா விஷயம் என் வாயில் பழக்கமா வந்துடுச்சு.

கரும்பலகை
எல்லாரும் கார்டைப் பத்தியே பேசுறீங்க. அந்தப் பொண்ணு ஏழாவது. இந்தக் குடும்பத்தில் திரும்பச் சரி பண்ணவே முடியாத முடிவு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அடுத்த வருஷம் மாத்திக்கலாம்.

கர்நாடகத்தில் சி.இ.டி. (தொழிற்படிப்பு நுழைவுத் தேர்வு) வழியா அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு வழக்கமான தகுதி, 1 முதல் 12 வரை குறைந்தது 7 கல்வியாண்டு கர்நாடகத்தில் படிச்சிருக்கணும், கூடவே பத்தாவதோ இரண்டாம் பி.யு.சி.யோ (பன்னிரண்டாவது) இங்கே பாஸ் ஆகியிருக்கணும். விரல் விட்டு எண்ணுங்க. ஏழாவதில் சேர்ந்தால் 7, 8, 9, 10, 11, 12. ஆறு. ஒரு வருஷம் குறையுது. பையனுக்கு மூணாவதில் சேர்ந்தால் பத்து வருஷம், பிரச்சினையே இல்லை. வேற பிரிவுகளும் இருக்கு, பெற்றோரில் ஒருவர் கர்நாடகத்தில் 7 வருஷம் படிச்சிருந்தால் என்பது மாதிரி. இந்தக் குடும்பத்துக்கு அது ஒத்து வராது.

ஊர்ப் பக்கம் என்ன போகும் என்பதையும் எண்ணுங்க. பொண்ணு தமிழக அரசுப் பள்ளி. மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை தமிழக அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு. புதுமைப்பெண் 1,000 ரூபாயும் அதே மாதிரி 6 முதல் 12. இப்போ வெட்டினால் ஆறாவது முடிச்ச ஒரு வருஷம் வீண், அங்கேயும் தகுதி இல்லை, இங்கேயும் தகுதி இல்லை. இருப்பிடச் சான்று காட்டித் தமிழ்நாட்டுப் பொதுக் கலந்தாய்வுக்குப் போகலாம், அந்த வழி மூடாது. ஆனால் 7.5 போனது போனதுதான்.

கன்னடம் வேற. 2015 சட்டத்தின்படி கன்னடம் முதல் மொழி அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயம். ஏழாவதில் ஒரு குழந்தை புது எழுத்துகளோடு பாடத்தையும் பிடிக்கணும். மூணாவது பையன் ஆறு மாசத்தில் தெருவில் விளையாடியே பேசக் கத்துக்குவான், எழுத்தும் வந்துடும்.

அதனால் பாட்டி உடம்பு தெம்பா இருந்தால் பொண்ணு ஊரிலேயே 12 முடிக்கட்டும், பையன் இங்கே. பொண்ணைப் பிரிஞ்சு இருக்கிறது கஷ்டம்தான், பாட்டியால் பார்த்துக்க முடியாதுன்னா கூட்டிட்டு வாங்க, அது வேற கணக்கு. அஞ்சாவது முடிச்ச பொண்ணா இருந்தால் தயங்காமல் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன், ஆறிலிருந்து பன்னிரண்டு சரியா ஏழு.

சர்ஜாப்பூர்ரோடு
இந்தக் கணக்கை இதுவரை யாருமே எங்களுக்குச் சொன்னதில்லை. பையன் சேர்க்கையில் டி.சி. இல்லாமல் முடியாது என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பினார்களாம்.

கரும்பலகை
டி.சி. தாமதம் சேர்க்கையை மறுக்கக் காரணம் ஆகாது. கல்வி உரிமைச் சட்டம் 5-ம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது, 14-ம் பிரிவு. வயசுக்கேத்த வகுப்பில் சேர்க்கணும், 4-ம் பிரிவு. மூணு எண்ணையும் கையேட்டில் போடுங்க, தலைமையாசிரியரிடம் சண்டை போடாமல் காட்டினால் போதும்.

நிஜத்தில் இடிக்கிறது கம்ப்யூட்டரில். ஒவ்வொரு பிள்ளைக்கும் யூடைஸ் பிளஸில் (நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பதியும் தளம்) ஒரு நிரந்தர எண், பென் நம்பர் என்பாங்க. பழைய பள்ளி பிள்ளையை டிராப் பாக்ஸுக்குத் தள்ளினால்தான் புதுப் பள்ளியால் இழுக்க முடியும். ஊர்ப் பள்ளி தள்ளாமல் விட்டால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பான், பதிவில் இருக்க மாட்டான். புத்தகம், சீருடை எல்லாம் பதிவுக் கணக்கில்தான் வரும். ஊர் ஆசிரியருக்குப் போன் போட்டு "பென் நம்பர் சொல்லுங்க, டிராப் பாக்ஸில் போட்டுடுங்க" என்று ரெண்டே வாக்கியம் பேசணும்.

சி.இ.டி.க்குக் காட்டும் ஏழு வருஷப் படிப்புச் சான்றுகளில் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) மேலொப்பம் வேணும். பன்னிரண்டாவதில் ஓடாமல் பள்ளி மாறும்போதெல்லாம் வாங்கி வச்சிடுங்க.

அல்சூர்க்கரை
சாதிச் சான்று பத்தி ஒரு வார்த்தை. ஆதி திராவிடர் தமிழ்நாட்டு எஸ்.சி. பட்டியலிலும் இருக்கு, கர்நாடக எஸ்.சி. பட்டியலிலும் இருக்கு. பேர் ஒண்ணா இருப்பதால் இங்கேயும் சலுகை கிடைக்கும் என்று நினைப்பாங்க. கிடைக்காது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம், 1990-ல் உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது அது. பிள்ளை பெங்களூரில் பிறந்தாலும் அப்பாவின் மாநிலம்தான் கணக்கு. மத்திய அரசு வேலை, மத்திய கல்வி நிறுவனத்துக்குத் தமிழகச் சான்று செல்லும்.

விதிவிலக்கு பழைய பெங்களூர்த் தமிழர்களுக்கு. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னாடியே குடும்பம் இங்கே இருந்ததுன்னு காட்ட முடிஞ்சால் கர்நாடகச் சான்றே கேட்கலாம். அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் பக்கம் தாத்தா காலத்து வேலைச் சான்று, சர்ச் ஞானஸ்நானப் பதிவு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இதெல்லாம் தேடுவாங்க. விண்ணப்பம் நாடகச்சேரியில். கன்னடத்தில் அது "நாட கச்சேரி", தாலுகாவுக்குக் கீழே இருக்கும் வருவாய் ஆபீஸ். பேரைப் பார்த்துக் கூத்து மேடைன்னு நினைச்சுடாதீங்க, சில நாள் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது வேற விஷயம்.

கம்பிக்கட்டு
வேலைக் கார்டு. கணவர் ஊரில் கட்டுமான நல வாரிய கார்டு வச்சிருந்தால் அதை இங்கே காட்டிப் பிரயோஜனம் இல்லை. கர்நாடக வாரியத்தில் பதியணும். வயது 18 முதல் 60, கடைசி 12 மாசத்தில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று. அந்தச் சான்றில்தான் ஆள் மாட்டுவான். மேஸ்திரி கையெழுத்து போட மாட்டார், போட்டால் தன் கணக்கு வெளியே வருமேன்னு பயம். கம்பெனி இன்ஜினியரிடம் வருகைப் பதிவேட்டைக் காட்டி வாங்கணும். தொழிலாளர் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பார், அப்போ "எங்கே வேலை" என்றால் சைட் பேரைச் சொல்லத் தெரியணும். போலிக் கார்டுகளைக் களையெடுத்த பிறகு இந்த விசாரிப்பு கெடுபிடி ஆயிடுச்சு. புதுப்பிக்காமல் விட்டால் கார்டு செத்துடும்.

2025 நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய 1979 சட்டத்தில் கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்தவன்தான் புலம்பெயர் தொழிலாளி. இப்போ தானா வந்து சேர்ந்தவனும் அந்தக் கணக்கில் வருவான், மாசச் சம்பளம் 18,000-க்குள் இருந்தால், நிறுவனத்தில் அந்த மாதிரி 10 பேர் இருந்தால். ஊர் போய்வர வருஷத்துக்கு ஒரு தடவை பயணப்படியும் உண்டு. கேட்டுப் பார்க்காமல் யாரும் தரப் போறதில்லை.

கூலி நிலுவைக்கு மேஸ்திரி ஓடிட்டால் கம்பெனிதான் கொடுக்கணும். கேட்க 3 வருஷம் அவகாசம். ஆனால் எதை வச்சுக் கேட்பாங்க? தினம் சாயங்காலம் சைட் போர்டு தெரியுற மாதிரி ஒரு போட்டோ, மேஸ்திரி போன்பேயில் போட்ட பணத்தின் பதிவு, நோட்டில் தேதியும் நாள் கூலியும். இந்த மூணும் இருந்தால் பேச்சுவார்த்தையிலேயே பாதிக்கு மேல் முடிஞ்சுடும்.

பொம்மனஹள்ளிக்காரி
மனைவியோட ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) மறந்துட்டீங்க. சம்பளம் 21,000-க்குள் இருந்தால் 0.75 சதவீதம் பிடிப்பாங்க. ஏஜென்சி பிடிச்சுட்டுக் கட்டாமல் விடுறது உண்டு. சீட்டில் பிடித்தம் இருக்கு, ஐ.பி. எண் (காப்பீட்டு எண்) இல்லைன்னா சந்தேகப்படுங்க. அந்த 10 இலக்க எண் ஆயுசுக்கும் ஒண்ணுதான். ஏஜென்சி மாறும்போது புது எண் போட விடாதீங்க, பழசைச் சொல்லுங்க. எண் மாறினா பழைய நாள் கணக்கு சேராது. உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் கேட்க ஆறு மாசக் கணக்குக் காலத்தில் 78 நாள் கட்டியிருக்கணும்.

இன்னொண்ணு, கரன்ட். கர்நாடகத்தின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹஜோதி வாடகைக்காரருக்கும் உண்டு. மீட்டரின் ஆர்.ஆர். எண்ணோடு (மின் இணைப்பு எண்) ஆதாரை இணைக்கணும். வீடு காலி பண்ணும்போது இணைப்பை எடுத்துடணும், இல்லேன்னா அடுத்த வீட்டில் பதிய விடாது. நாலு ரூமுக்கு ஒரே மீட்டர்னா பேச்சே இல்லை.

சர்ஜாப்பூர்ரோடு
கேஸ்? ஷெட்டில் முகவரிச் சான்று இல்லாதவர்கள் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்குக் கள்ளத்தனமாகக் கேஸ் ஏற்றிக்கொள்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது.

பொம்மனஹள்ளிக்காரி
5 கிலோ சோட்டு சிலிண்டர் வாங்கச் சொல்லுங்க. ஒரு அடையாளச் சான்று போதும், முகவரிச் சான்று வேண்டாம். விலை கிலோவுக்குக் கூடத்தான். ஆனால் அந்த ஏத்துற ஆள் டியூபைச் செருகும்போது பக்கத்திலேயே பீடி பத்த வைக்கிறதைப் பார்த்தால் கூடுதல் காசு பெரிசாத் தெரியாது.

ரேஷன்கணக்கு
@சர்ஜாப்பூர்ரோடு, கையேட்டில் முதல் வரியா கார்டுக் குறியீட்டைப் போடுங்க. ஸ்மார்ட் கார்டு படம் ஒண்ணு வரைஞ்சு, அந்த எழுத்து எங்கே இருக்குன்னு அம்புக்குறி காட்டினால் நல்லது. படிக்கத் தெரியாதவர்களும் எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்குவாங்க.

சர்ஜாப்பூர்ரோடு
வரைந்துவிடுகிறோம். ஏழாவது கணக்கைப் பெட்டி கட்டித் தனியாகப் போடுகிறோம். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே அச்சடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கொடுத்தால் அந்தப் பக்கம் வீண்.